தண்ணீர் அளந்த கற்கள்

நம் பள்ளிக்கூடத்துச் செட்டின் செல்போன் குழுவில் ஆளுக்கொரு சின்ன வயது ஞாபகம் எழுதவேண்டும் என்று முடிவு செய்தீர்கள். ஒரு மாதமாக ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் ஒருவர் நம் ஊர் மலையைப் பற்றி எழுதியிருந்தார். மலை நமக்குத் தாயாம். அதன் மடியில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோமாம். உச்சியில் நின்றால் காற்று வந்து கன்னத்தைத் தடவிக்கொடுக்குமாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்புகிற பொம்மை போட்டிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டு போடுவதற்கு முன்னால் உங்களில் ஒருவர்கூட அந்த மலையில் முதல் பாறையைத் தாண்டியதில்லை. ஆட்டுக்குட்டி காணாமல் போனால்கூட ஆட்டுக்காரரை மேலே அனுப்பிவிட்டுக் கீழே நின்று கூச்சல் போட்டவர்கள்தான் எல்லோரும்.

காற்றாவது, தடவிக்கொடுப்பதாவது. சித்திரை வெயிலில் அந்தக் காற்று பாறையில் பட்டுத் திரும்பி, அடுப்பைக் குனிந்து ஊதும்போது அடிக்கிற அனல் மாதிரி மூஞ்சியில் அடிக்கும். மலை என்று பேர்தான். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் பக்கம் வந்தால் தெரியுமே, லாரி லாரியாகக் குண்டுக்கல்லைக் கொட்டிவிட்டு யாரோ மறந்துபோன மாதிரி, அவ்வளவுதான் அது. கால் வைக்கிற இடத்தில் சூரைமுள், கை பிடிக்கிற இடத்தில் சப்பாத்திக்கள்ளி, இடுக்குக்கு இடுக்கு தேள். நம்மையெல்லாம் அதற்குக் கண்டாலே ஆகாது என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன்.

அந்த மலையின்மேல் நிஜமாகவே பிரியம் வைத்த ஒரே ஆள் என் சித்தி. அவளை அங்கிருந்து இறக்கிவிட்டது யார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டுப் பொம்மை எதுவும் போடவேண்டாம்.

சித்தி என் அம்மாவின் தங்கை, பத்து வயது சின்னவள். கண்டமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவர். எனக்குச் சித்தப்பா. எனக்கு மிட்டாய் வாங்கி வருவார், சித்தியை அடிப்பார். ஒரு தடவை அறைந்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. நான் ஆறாவது படித்த வருஷம், மாசிக் கடைசியில், ஒரு துணிப்பையோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அக்கா வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அப்பா கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஊருக்குப் பயப்படுகிறவர்.

"இருக்கட்டும். கூழு ஒரு சொம்பு கூட கரைச்சா ஆச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். "ஆனா ஊர் வாயில விழக்கூடாது. ஒரு பேச்சு வந்துச்சின்னு வையி, அடுத்த பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டுத்தான் மறுவேலை."

சித்தி தலையாட்டினாள். எந்தப் பக்கம் நின்று சொன்னாரோ, அவளுக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ, தெரியாது.

காலையெல்லாம் விதைக் கடலைக்காக மல்லாட்டை உடைப்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து வீங்கும்வரை உடைப்பாள். அம்மா ஒரு படி உடைக்கும் நேரத்தில் அவள் ஒன்றரைப் படி உடைத்துவிடுவாள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஆளைக் காணோம். முதலில் கிணற்றுப் பக்கம் துணி துவைக்கப் போகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒளிந்து ஒளிந்து பின்னால் போய்ப் பார்த்தேன். எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஐந்து நிமிஷ நடையில் மலை. சித்தி அதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஏறுவதென்றால் நீங்கள் இப்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறீர்களே, அதுபோல இல்லை. அவளுக்குச் செருப்பு கிடையாது. கையில் இருக்கிற சொம்புத் தண்ணீரில் பாதத்தை நனைத்து, கீழே புழுதியில் நன்றாக மிதித்துக்கொள்வாள். மண் அப்பிக்கொள்ளும். அந்த மண்தான் அவளுக்குச் செருப்பு. ஒவ்வொரு பாறையையும் விரல் முட்டியால் தட்டி, கேட்கிற காதை அதன்மேல் சாய்ப்பாள். உள்ளே பொருக்கு விட்ட பாறை என்றால் வெறும் பானையைத் தட்டின சத்தம் வரும். மேலே ஏறினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து ஆளையும் கொண்டுபோய்விடும். அந்த மாதிரிப் பாறையில் காவிக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு வேறு வழி பார்ப்பாள். இடுக்கில் கைவிடுமுன் குனிந்து மோந்து பார்ப்பாள். வேகவைத்த கிழங்கு வாசனை வந்தால் அது பாம்பின் வீடு. அதன் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்துபோவாள். பெரிய பாறையின் நிழல் கல்லிச்சி மரத்து வேரைத் தொட்டால் இறங்கவேண்டிய நேரம். இதையெல்லாம் முதல் பாறைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நாள் நாளாகப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். அவள் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

மலையும் அவளைச் சும்மா விடவில்லை. ஒரு நாள் புருவத்தில் தேனீ கொட்டி ஒரு கண் மூடிக்கொண்டது. இன்னொரு நாள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று வந்தாள். அம்மா மஞ்சளை அப்பிக்கொண்டே திட்டினாள். சித்தி சிரித்தாள். கண்டமங்கலத்திலிருந்து வந்த நாளாக அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் உடம்பில் வெயிலில் காய்ந்த பாசி வாசனை அடித்தது.

அவள் செய்த குற்றம் என்ன தெரியுமா? மேலிருந்து ஒன்றும் கொண்டுவராததுதான். ஒரு கட்டு விறகு கொண்டுவந்திருந்தால் ஊர் சும்மா இருந்திருக்கும். சீத்தாப்பழமோ பிரண்டையோ மடியில் கட்டி வந்திருந்தால் பாவம், வயிற்றுப்பாடு என்றிருப்பார்கள். புருஷனை விட்டு வந்தவள் வெறுங்கையோடு ஏறி வெறுங்கையோடு இறங்கினால், மேலே எவனோ காத்திருக்கிறான் என்றுதான் நம் ஊரில் கணக்கு. கடைத்தெருவில், கிணற்றடியில், பால் ஊற்றுகிற இடத்தில் அந்தப் பேச்சு மெதுவாக ஆரம்பித்திருந்தது. அப்பா காதுக்கு இன்னும் வரவில்லை. அம்மா காதுக்கு வந்துவிட்டது.

"மல மேல இன்னாடி வச்சிருக்கற?" என்று ஒரு நாள் கேட்டாள் அம்மா.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா வேகாத வெயில்ல போற? எம் புருஷன் காதுல விழுந்தா உன் கதி இன்னான்னு தெரியுமில்ல? எனக்கு ஒரே பேஜாரா இருக்குதுடி."

சித்தி மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ மலப் பக்கம் போன, தோசக் கரண்டியக் காய்ச்சிச் சூடு வச்சிருவேன்." அம்மா சொன்னால் செய்கிறவள். என் அண்ணன் தொடையில் தழும்பு இருந்தது.

நானும் சித்தியிடம் கேட்டேன். "என்னையும் கூட்டிக்கினு போ சித்தி."

"வேணாம்."

"ஏன்?"

"நீ பேசிக்கினே வருவ."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வாய் அதிகம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள், ஆனால் அவள் சொன்னது ஆறவே இல்லை. அன்றிலிருந்து அவளைப் பிடிக்காமல் போயிற்று. ஒரு கல் குவியலுக்கு இருக்கிற மரியாதை அக்கா மகளுக்கு இல்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

கோலப் பெட்டியில் காவிக் கட்டி காணாமல் போனபோது அதை வைத்து அவளை மிரட்டினேன். அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அப்போதுதான் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். மேலே, இரண்டு பெரிய பாறைக்கு நடுவில், ஒரு சுனை இருக்கிறது என்றாள். ஊரில் யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர். பங்குனி பிறந்ததும் இறங்க ஆரம்பித்துவிட்டது. அது இறங்க இறங்க, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கல் வைத்துக் காவியில் கோடு போட்டுவருகிறாளாம். எட்டு நாளைக்கு ஒரு கல்.

"எதுக்கு?"

"எவ்ளோ குடிக்குது வெயிலுன்னு பாக்கறதுக்கு. முன்னாடி எட்டு நாளைக்கு ஒரு சாண் எறங்குச்சு. இப்ப ஒரு சாணும் நாலு வெரலும் எறங்குது." சொல்லும்போது விரலை மடக்கிக் காட்டினாள். கண் எங்கேயோ இருந்தது. "தட்டான் பூச்சிங்க எல்லாம் அங்கதான் இருக்குது."

வைகாசியில் பள்ளிக்கூடம் லீவு. மல்லாட்டை மூட்டையை விற்க அப்பா திண்டிவனத்துக்கு வண்டி கட்டினார். மூட்டை தைக்க, சாக்கு எண்ண என்று அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் கபடி ஆடப் போய்விட்டான். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து அம்மாவின் வெள்ளிக் கொலுசை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். கொலுசு எதற்கு என்று கேட்காதீர்கள். சித்தி வெறுங்காலோடு போகிற இடத்துக்கு நான் கொலுசோடு போகவேண்டும் என்று தோன்றிற்று.

காவிக் கோடு போட்ட பாறையை விட்டு விட்டு ஏறினேன். பாதத்தை நனைத்துப் புழுதியில் மிதித்துக்கொண்டது பாதி வழிக்குத்தான் வந்தது. அப்புறம் கொதிக்கிற தோசைக்கல்லில் நடந்தேன். முள் பாவாடையைக் கிழித்தது. ஒரு குரங்கு உச்சிப் பாறையில் உட்கார்ந்து நான் அழுவதை வேடிக்கை பார்த்தது. திரும்பிப் பார்த்தால் நம் ஊர் சாணி தட்டின வறட்டி அளவுக்குத் தெரிந்தது. இறங்க வழி தெரியவில்லை, அதனால்தான் ஏறினேன்.

பிறகு இரண்டு பாறைக்கு நடுவில் திடீரென்று குளிர்ந்தது. சுனை. கரும்பச்சைத் தண்ணீர், அதன்மேல் சிவப்புத் தட்டான்கள். சரிவில் மேலிருந்து கீழாக ஏழு கற்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் காவிக் கோடு. கடைசிக் கல்லின் காலை விட்டுத் தண்ணீர் அரைச் சாண் இறங்கியிருந்தது. நான் அங்கே பேசவே இல்லை. பேசத் தோன்றவில்லை. சித்தி என்னைக் கூட்டிவந்திருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன், கோபம் இன்னும் அதிகமாயிற்று.

காலைத் தண்ணீரில் விட்டேன். கொலுசின் திருகாணி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. காலை உதறியபோது ஒன்று கழன்று, சரிந்து, பாறையின் அடி இடுக்குக்குள் போய்விட்டது. கைவிட்டுத் துழாவினேன். எட்டவில்லை. தோள் வரை விட்டேன். வெறும் குளிர்தான் கைக்குப் பட்டது. அம்மாவின் கல்யாணக் கொலுசு. எனக்குத் தோசைக் கரண்டி கண்முன்னால் வந்தது.

அந்த நேரத்தில்தான் பின்னால் ஆள் சத்தம் கேட்டது. எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிற அக்கா, மத்தியானத்தில் மலையடியில் விறகு பொறுக்குவாள். அவளும் ஆட்டுக்காரரும் காணாமல் போன குட்டியைத் தேடி அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவ்வளவு மேலே வந்திருக்கிறார்கள்.

"பாப்பா! நீ இன்னா பண்ற இங்க? யாரு கூட வந்த?" என்றாள் அந்த அக்கா. பிறகு என் காலைப் பார்த்தாள். "ஒரு கால் கொலுசு எங்க?"

நான் கற்களைப் பார்த்தேன். நம் பக்கம் தண்ணீர் ஓரத்தில் ஏழு கல் வரிசையாக நின்று, அதில் சிவப்பும் இருந்தால் அது ஏழு கன்னிமார் சாமிதான். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அது கன்னிமார் இல்லை என்று தெரிந்த ஆள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான்.

"கேட்டாங்க. குடுத்துட்டேன்" என்றேன்.

"யாரு கேட்டாங்க?"

"ஏழு அக்காங்க."

அந்த அக்கா தலையிலிருந்த சும்மாட்டைக் கீழே போட்டாள். அப்படியே பாறையில் விழுந்தாள். ஆட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். பெரியவர்கள் என் பேச்சுக்கு இப்படிப் பணிவது எனக்கு அதுதான் முதல் தடவை, பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பயத்தில் பொய் சொன்னேன் என்பது பாதிதான். மீதிப் பாதிக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் அம்மாக்கள்தான் வரிசையாகப் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அம்மா எனக்குச் சூடு வைக்கவில்லை. தலைக்குக் குளிப்பாட்டி, மஞ்சள் பாவாடை கட்டி, இன்னொரு காலுக்கான கொலுசையும் தன் கையாலேயே கொண்டுபோய்ச் சுனையில் போட்டாள். முதலில் விழுந்து கும்பிட்ட அந்த அக்காவைக் கோயில் என்று ஆனபிறகு ஊர்க்காரர்கள் கீழ்ப் பாறையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் தெருக்காரர்கள் மேலே வந்து கல்லைத் தொட்டால் தீட்டாம். அதைப் பற்றியும் குழுவில் ஒருவரும் எழுதக் காணோம்.

மறுநாள் மத்தியானம் சித்தி வழக்கம்போல ஏறினாள். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கி வந்தாள். யாரோ அந்த ஏழு கல்லையும் சரிவிலிருந்து பிடுங்கி, மேலே தட்டைப் பாறையில் ஒரே வரிசையாக நிறுத்தி, மஞ்சளும் குங்குமமும் பூசியிருக்கிறார்கள். சாமி சாய்ந்து நிற்கக்கூடாது என்று செய்தது.

"ஏழு கல்லு. அம்பது நாளு" என்றாள் சித்தி. என்னைப் பார்த்தாள். நான் மல்லாட்டைத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை.

அவள் சும்மா இருந்திருக்கலாம். இல்லை. அடுத்த நாள் விடிந்ததும் போய் ஏழு கல்லையும் திரும்பச் சரிவில் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைக்க ஆரம்பித்திருக்கிறாள். காவிக் கறை பாறையில் இருந்ததால் இடம் தெரிந்திருக்கிறது. கும்பிட வந்தவர்கள் அவளைக் கையில் சாமியோடு பிடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊர் கூடிற்று. நாட்டாமை நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா தலைகுனிந்து நின்றார். சித்தியை நடுவில் நிறுத்தினார்கள்.

"சாமிய எதுக்கும்மா நகத்துன?"

"அது சாமி இல்லிங்க. நான் வச்ச கல்லு. தண்ணி அளக்க வச்சேன்."

கூட்டத்தில் சிரித்தார்கள். "தண்ணிய அளக்கறாளாமே!"

நாட்டாமை கையமர்த்தினார். "சரி, அளந்து? வயலுக்குப் பாச்சப் போறியா?"

"இல்லிங்க."

"வேற இன்னாத்துக்கு?"

"பாக்கறதுக்குத்தான்."

"பாத்து?"

"பாத்து ஒண்ணுமில்லிங்க. பாக்கறதுக்குத்தான். நாளானைக்கு எட்டாவது கல்லு வைக்கணும்."

அவள் பொய் சொல்லியிருந்தால்கூட அவர்கள் நம்பியிருப்பார்கள். மூலிகை பறிக்கப் போனேன், வேண்டுதல் இருக்கிறது, எதையாவது சொல்லியிருக்கலாம். ஒரு பிரயோஜனமும் இல்லாமல் ஒரு பெண் வெயிலில் உட்கார்ந்து தண்ணீர் குறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை மட்டும் அங்கே ஒரு மனுஷரால் நம்பமுடியவில்லை. பின்னால் நின்ற ஒருவர் சத்தமாகவே கேட்டார், "கூட யாரு பாத்தாங்க?" அந்தப் பேச்சு அன்றைக்குத்தான் அப்பா காதில் விழுந்தது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

சித்தி என் பக்கம் கை காட்டினாள். "பாப்பாவக் கேளுங்க. அதுக்குத் தெரியும். கோலக் காவி எடுத்ததுலருந்து எல்லாம் சொல்லியிருக்கேன்."

என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். நாட்டாமை எனக்காகக் குனிந்தார். அந்தக் குரல்கூட ஞாபகம் இருக்கிறது, வெல்லம் மாதிரி. "பயப்படாத கண்ணு. இது உங்க சித்தி வச்ச கல்லா, இல்ல சாமியா? நீ சொல்றதுதான்."

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பாறையைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் காத்திருப்பாளே, அந்த மாதிரி காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் சித்தி மலையில் ஏறலாம். எங்கள் வீட்டில் இருக்கலாம். எனக்குச் சூடு விழும், கொலுசுக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று. அவ்வளவுதான் விஷயம். பதினோரு வயதிலேயே அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டது சுத்தப் பொய்.

"ஏழு அக்காங்க கேட்டாங்க" என்றேன்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. புருஷனை விட்டு வந்தவள் சாமி இருக்கிற மலையில் கால் வைக்கக்கூடாது என்று நாட்டாமை சொன்னார். புருஷனோடு சேர்ந்து வந்தால் தாராளமாக ஏறிக் கும்பிடலாம் என்றார். இதில் அவருக்கு நியாயம் வழங்கிய திருப்தி வேறு.

இரண்டாம் நாள் சித்தப்பா வந்தார். அப்பா ஆள் விட்டிருந்தார். எனக்கு மிட்டாய் வாங்கி வந்தார். சித்திக்குப் புது ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். மூன்று மாதமாக மண் அப்பியே நடந்த கால், அதில் நுழையவில்லை. குதிகால் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அம்மா அவள் தலையில் ஒரு முழம் பூ வைத்தாள், வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜல்தி நட, பஸ் போயிடும்" என்றார் சித்தப்பா. சித்தி மலை இருக்கிற பக்கம் திரும்பவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. அன்று எட்டாவது கல் வைக்கவேண்டிய நாள்.

அந்தச் சித்தப்பாவோடு முப்பத்தைந்து வருஷம் இருந்தாள். இரண்டு பிள்ளை பெற்றாள். அடி நின்றதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணம், சாவு என்று நம் ஊருக்கு வந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து நேரே வீட்டுக்கு வருவாள், நேரே திரும்பிப் போவாள். ஒரு தடவைகூட மலைக்குப் போகவில்லை.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டேன். கன்னிமாருக்குக் கட்டடம் வந்தது, படிக்கட்டு வந்தது, குழாய் ஒலிபெருக்கி வந்தது. சுனையைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டி நீல வர்ணம் அடித்தீர்கள், தட்டான் ஒன்றுகூட இல்லை. வருஷா வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளி, சாமி பேசின குழந்தை என்று எனக்குத்தான் முதல் மாலை. மாலையும் புடவையும் எலுமிச்சம்பழமும். கல்யாணமான வருஷம் போனேன். பிள்ளை பெற்ற வருஷம் கைக்குழந்தையோடு போனேன். கூட்டத்தில் நீங்கள் ஒதுங்கி எனக்கு வழிவிடுவீர்கள்.

போன வருஷம் புரட்டாசியில் சித்தி இடுப்பெலும்பு முறிந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தன் வீட்டு வாசலில், சமதரையில், தடுக்கி விழுந்திருக்கிறாள். பகலில் மகன் வேலைக்குப் போய்விடுவான் என்று நான் போய்க் கூட இருந்தேன். நாலாம் நாள் மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்கும்போது, கேட்கிற காதுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"சித்தி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"கொலுசு தண்ணியில விழுந்துடுச்சு. அம்மா சூடு வைக்கும்னு..."

"அதான் தெரியும்ன்றேனே."

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது.

"பதினோரு வயசு. சூடுன்னா யாருக்குத்தான் பயமா இருக்காது? அத நான் மனசுல வச்சிக்கலம்மா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு வாய் அதிகம். மன்னிப்பு கிடைத்ததும் அதற்குமேல் பாராட்டும் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"அந்தப் பக்கம் மலையெல்லாம் வெட்டி ஜல்லி ஆக்கிட்டாங்க சித்தி. இந்தப் பக்கம் கோயில் இருக்கறதாலதான் தொடல. அந்தக் கல்லு மட்டும் இல்லன்னா உன் மல இன்னிக்கு இருக்காது" என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பார்த்ததற்குப் பிறகு அப்படி நேராகப் பார்த்தது அன்றுதான்.

"வருஷா வருஷம் மால போடறாங்களாமே உனக்கு?"

"ஆமா சித்தி."

"போன ஆடிக்கும் போனியா?"

"போனேன்."

"குனிஞ்சு வாங்கிக்கினியா?"

"வாங்கிக்கினேன்."

"அப்ப உனக்கு வயசு இன்னா?"

ஐம்பத்தெட்டு என்று சொன்னேன்.